வேண்டிய ஆகாரமா, அனுதின உணவா, நாளைய அப்பமா? எபியூசியோஸ் என்ற சொல்லுக்கு எந்தப் பொருளை எடுப்பது

பரமண்டல ஜெபத்தைப் பழைய திருப்புதலில், அதாவது பிராட்டஸ்டன்ட் சபைகளின் பழைய தமிழ் வேதாகமத்தில், மனப்பாடம் செய்தவர்கள் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பார்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் வளர்ந்தவர்களின் வாயில் "எங்கள் அனுதின உணவை" என்று வரும். ஆங்கில வேதாகமம் சிலவற்றின் அடிக்குறிப்பைப் பார்த்தால் "நாளைக்கான அப்பம்" என்று இருக்கும். லத்தீன் வேதாகமமான வுல்காத்தாவின் மத்தேயுவில் இருப்பதோ இந்த மூன்றும் இல்லை. அது "பொருண்மைக்கு மேலான அப்பம்" என்கிறது.

நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கிரேக்கச் சொல்: எபியூசியோஸ். வேதபாடம் நடத்துகிறவர், பிரசங்கம் தயாரிக்கிறவர், புதிதாக மொழிபெயர்க்கிற குழுவில் உட்கார்ந்திருப்பவர் என்று யாராக இருந்தாலும் மத்தேயு 6:11க்கு வந்ததும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அகராதியைத் திறந்தால் நான்கு பொருளும் வரிசையாக இருக்கும். எதை எடுப்பது என்று அது சொல்லாது.

சிக்கலின் காரணம் எளியது. இந்தச் சொல் மத்தேயு 6:11, லூக்கா 11:3, அப்புறம் ஆதித் திருச்சபையின் கைந்நூலான திதாகேயில் அதே ஜெபம் வரும் இடம் ஆகியவற்றில் இருக்கிறது. மூன்றும் ஒரே ஜெபம்தான். அதற்கு வெளியே, அதற்கு முன்னால், இந்தச் சொல்லைக் கிரேக்கர் யாரும் பயன்படுத்தியதாக உறுதியான சான்று இல்லை. 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் இதைக் கவனித்திருக்கிறார். கற்றவர்களும் இதை எழுதுவதில்லை, சாதாரண ஜனங்களும் பேசுவதில்லை, சுவிசேஷகர்களே உருவாக்கியதுபோல இருக்கிறது என்கிறார். கிரேக்கத்தைத் தாய்மொழியாகப் பேசிய அறிஞர் சொல்வது இது.

இடையில் ஒரு நம்பிக்கை முளைத்தது. எகிப்தின் ஃபாயூம் பகுதியில், ஹவாரா என்ற இடத்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் செலவுக் கணக்கில் இந்தச் சொல்லின் முன்பாதி இருப்பதாக ஏ. ஹெச். சேஸ் 1889இல் வெளியிட்டார். செலவுப் பட்டியலில் வருகிறது என்றால் அது அன்றாடப் படிதானே? அகராதிகள் அதைப் பிடித்துக்கொண்டன. பிறகு அந்தப் பாப்பிரஸ் எங்கே போனது என்றே தெரியாமல் போனது. 1998இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அது மறுபடி அகப்பட, எடுத்துப் படித்துப் பார்த்தவர்கள் மறுவருடம் எழுதினார்கள்: அங்கே இருந்தது எபியூசியோஸ் அல்ல, எண்ணெய் என்று பொருள்படும் எலாயூ என்ற சொல். பழைய விளக்கவுரைகளில் இன்னும் அந்தப் பாப்பிரஸை ஆதாரமாகக் காட்டுவதைப் பார்க்கலாம். அதை அப்படியே எடுத்துப் பிரசங்கத்தில் சொல்லிவிட வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, சொல்லமைப்பு. எபி என்ற முன்னொட்டும் பின்னால் வரும் பகுதியும் கிரேக்க இலக்கணப்படி சேருமா?

இரண்டாவது, வாக்கியம். மத்தேயுவில் இது "எங்கள் அப்பத்தை, அந்த எபியூசியோஸ் அப்பத்தை, எங்களுக்கு இன்று தாரும்" என்று அமைந்திருக்கிறது. கிரேக்கத்தில் சுட்டிடைச்சொல் இரண்டு முறை வருகிறது. ஒருமுறை அப்பத்துக்கு முன், மறுமுறை இந்தப் பெயரடைக்கு முன். அதாவது சும்மா ஒட்டிக்கொண்டு வரும் அடைமொழி அல்ல. எந்த அப்பம் என்று குறிப்பாகச் சுட்டுகிறது. அதோடு, முந்தைய மூன்று வேண்டுதல்களிலும் வினை முதலில் நிற்க, இங்கே மட்டும் அப்பம் முன்னுக்கு வந்துவிட்டது. தமிழில் செயப்படுபொருள் வழக்கமாகவே வினைக்கு முன்னால்தான் நிற்கும் என்பதால் இந்த அழுத்தம் நம் காதில் விழாது.

லூக்கா இரண்டு இடத்தில் மாற்றுகிறார். "இன்று" என்பதற்குப் பதில் "நாள்தோறும்". ஒரே முறை கொடுப்பதைச் சொல்லும் ஏவல் வடிவத்துக்குப் பதில் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருப்பதைச் சொல்லும் ஏவல். பழைய திருப்புதல் "அன்றன்றும்" என்று அதை அழகாகப் பிடித்திருக்கிறது. எபியூசியோஸை மட்டும் இருவரும் மாற்றவில்லை. நாம் எடுக்கும் பொருள் இரண்டு வாக்கியத்திலும் உட்கார வேண்டும்.

மூன்றாவது, பழைய மொழிபெயர்ப்புகள் என்ன சொல்கின்றன. நான்காவது, சபையாக வாய்விட்டு ஜெபிக்க முடியுமா. நான்காவதை இலக்கணக்காரர்கள் லேசாகத் தள்ளிவிடுவார்கள். இது ஜெபம், அதனால் தள்ள முடியாது.

## அன்றாட உணவு

மிகப் பரவலான பொருள் இதுதான். பழைய லத்தீன் மொழிபெயர்ப்புகள் இப்படித்தான் எடுத்தன. 1611இன் ஆங்கில கிங் ஜேம்ஸ் வேதாகமமும் இப்படியே. ஜெபத்தில் சொல்ல இதைவிட இயல்பானது இல்லை.

சொல்லமைப்புப்படி இதற்கு ஒரு வழி உண்டு. எபி என்பதோடு "இருக்கிற" என்று பொருள்படும் ஊசா சேர்ந்து, "இருக்கிற நாளுக்கான", அதாவது இந்த நாளுக்கான என்று வந்திருக்கலாம் என்பார்கள். முடியாதது அல்ல. ஆனால் "நாள்" என்ற சொல்லை விட்டுவிட்டு "இருக்கிற" என்பதை மட்டும் வைத்து இன்றைய நாளைக் குறிப்பது கிரேக்கத்தில் வழக்கமாக இல்லை. அங்கே இந்த வாதம் வலுவிழக்கிறது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. அன்றாடம் என்று சொல்லக் கிரேக்கத்தில் சொல் இல்லாமலா போயிற்று? அப்போஸ்தலர் 6:1இல் விதவைகளுக்கான "அன்றாட விசாரணை" என்ற இடத்தில் கதேமெரினோஸ் என்ற சொல் இருக்கிறது. யாக்கோபு 2:15இல் "அநுதின ஆகாரமில்லாமலும்" என்ற இடத்தில் எபேமெரோஸ். இரண்டும் யாருக்கும் புரியும் வழக்குச் சொற்கள். அவற்றை விட்டு, யாரும் கேட்டிராத சொல்லைச் சுவிசேஷகர்கள் ஏன் தேட வேண்டும்? பழைய தமிழ்த் திருப்புதலையும் பாருங்கள். அன்றாடமும் அநுதினமும் அவர்கள் கையில் இருந்தன, மேலே சொன்ன இடங்களில் போட்டும் இருக்கிறார்கள். ஜெபத்தில் மட்டும் போடவில்லை. அது வேண்டுமென்றே செய்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

வாக்கியத்திலும் இது இடிக்கிறது. லூக்காவில் வைத்துப் பார்த்தால் "அன்றாட உணவை நாள்தோறும் தாரும்" என்று சொன்னதையே சொல்வதாகிவிடும். மத்தேயுவிலும் "இன்றைய உணவை இன்று" என்று ஆகும். தவறில்லை, ஆனால் பெயரடை புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை.

ஆராதனையில், குழந்தைகளுக்குக் கற்பிக்கையில், வீட்டு ஜெபத்தில் இதை வைத்துக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் "கிரேக்க மூலத்தில் அன்றாடம் என்றுதான் இருக்கிறது" என்று சொல்லாதீர்கள்.

## வேண்டிய ஆகாரம்

இது எபி + ஊசியா என்று பிரிக்கிறது. ஊசியா என்றால் இருப்பு, உள்ளமை. "உயிரோடிருக்கத் தேவையான" என்பது பொருள். சீரிய மொழியின் பழைய வேதாகமமான பெஷித்தா மத்தேயுவில் "எங்கள் தேவைக்கான அப்பம்" என்கிறது. பழைய தமிழ்த் திருப்புதலின் "வேண்டிய" அதோடு அப்படியே பொருந்துகிறது. பின்னால் வந்த திருவிவிலியமும் மத்தேயுவில் "இன்று தேவையான உணவை" என்று இதே பக்கம் சாய்ந்தது. ஆங்கிலம் அன்றாடத்தில் நிற்க, தமிழ் தேவையில் நிற்கிறது. ஆங்கில விளக்கவுரையை வைத்துப் பிரசங்கம் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் "அன்றாடம் என்ற வார்த்தையைப் பாருங்கள்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். சபையார் கையில் இருக்கிற வேதாகமத்தில் அந்த வார்த்தையே இருக்காது.

பொருள் நல்ல பொருள். நீதிமொழிகள் 30:8இன் "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்ற வேண்டுதலின் நேர் எதிரொலி. அதிகமும் வேண்டாம், குறைவும் வேண்டாம், அளந்த படி போதும். யாத்திராகமம் 16இன் மன்னாவும் அதே பாடம்தான்.

இலக்கணத்தில்தான் ஓட்டை. எபி என்ற முன்னொட்டு உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லோடு சேரும்போது கடைசி இகரம் பொதுவாக விழுந்துவிடும். பரலோகத்துக்குரிய என்பதற்கான எபூரானியோஸ் அப்படி வந்ததுதான்; எபியூரானியோஸ் என்று வராது. அந்தக் கணக்கில் இங்கேயும் எபூசியோஸ் என்றல்லவா வந்திருக்க வேண்டும்? விதிவிலக்குகள் உண்டு. சாந்தமான என்று பொருள்படும் எபியெய்கேஸில் இகரம் நிற்கிறது. ஆனால் அங்கே ஆதியில் வகரம் போன்ற ஒரு மெய் நடுவில் இருந்து பின்னால் தேய்ந்துபோனது. ஊசியாவின் முன்னால் அப்படி எந்த மெய்யும் இருந்ததில்லை.

ஊசியா என்ற சொல்லும் கொஞ்சம் இடறுகிறது. புதிய ஏற்பாட்டில் அது லூக்கா 15:12, 13இல் மட்டுமே வருகிறது, கெட்ட குமாரன் பங்கு கேட்டு வாங்கி அழித்த ஆஸ்தி என்ற பொருளில். தத்துவப் பள்ளிகளில் அதற்கு உள்ளமை என்ற பொருள் இருந்தது உண்மை. மீன்பிடிக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் அந்தப் பொருளைத் தேடுவது கொஞ்சம் தூரமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும், தமிழில் ஜெபிக்கிறவருக்கு இது மோசமான தேர்வு இல்லை. சொல் பிறந்த வழி சந்தேகமாக இருந்தாலும் பொருள் சந்தர்ப்பத்தை விட்டு விலகவில்லை. போவது என்னவென்றால் காலம். "வேண்டிய" என்பதில் நாள் என்ற எண்ணமே இல்லை. அதை "இன்று" மட்டுமே தாங்குகிறது.

## வரும் நாளுக்கான அப்பம்

இதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன், காரணம் இருக்கிறது.

எபியெனாய் என்றால் அடுத்து வருதல். அதிலிருந்து ஹே எபியூசா, "வருகிறது", என்று பெண்பால் வடிவம். நாள் என்ற சொல் கிரேக்கத்தில் பெண்பால் என்பதால், அதைச் சொல்லாமலே ஹே எபியூசா என்றால் "வரும் நாள்" என்று எல்லாருக்கும் புரியும். அப்போஸ்தலர் நடபடிகளில் 16:11, 20:15, 21:18 என்று "மறுநாள்" வருகிற பல இடங்களில் இருப்பது இதுதான். நீதிமொழிகள் 27:1இன் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இது வருகிறது. எபியூசாவோடு பெயரடை விகுதி சேர்ந்தால் எபியூசியோஸ். இகரம் விழவேண்டிய கட்டாயமே இல்லை. நான்கு வழிகளில் விதிவிலக்கு தேடாமல் நேராக வருவது இது ஒன்றுதான்.

பழைய சாட்சியும் பலமானது. எபிரெயர் சுவிசேஷம் என்று அழைக்கப்பட்ட, இன்று முழுதாகக் கிடைக்காத ஒரு நூலில் இந்த இடத்தில் மாஹார், அதாவது நாளைய என்ற எபிரெயச் சொல்லைப் பார்த்ததாக, லத்தீன் சுவிசேஷங்களைத் திருத்திய ஜெரோம் தன் மத்தேயு விளக்கவுரையில் எழுதியிருக்கிறார். எகிப்தின் கோப்திய மொழிபெயர்ப்புகளில் ஒன்று "வருகிற அப்பம்" என்றும், மற்றொன்று "நாளைய அப்பம்" என்றும் சொல்கிறது.

சரி, அப்படியானால் ஏன் எல்லாரும் இதை எடுக்கவில்லை? அதே அதிகாரத்தில், 34ஆம் வசனத்தில், "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று இயேசுவே சொல்கிறார். நாளைக்குக் கவலைப்படாதே என்று சொன்னவர் நாளைக்கான அப்பத்தை இன்றே கேட்கச் சொல்வாரா? இந்த ஒரு கேள்விக்காகத்தான் பலர் இதைக் கைவிட்டார்கள்.

இதற்குப் பதில் வேதாகமத்துக்கு வெளியே, பிளேட்டோவின் கிரித்தோன் என்ற உரையாடல் நூலில் இருக்கிறது. சாக்ரடீஸ் சிறையில் இருக்கிறார். விடிவதற்குச் சற்று முன்னால் நண்பர் கிரித்தோன் வந்து, தேலோஸ் தீவிலிருந்து வரவேண்டிய கப்பல் இன்று வரப்போகிறது, அது வந்தால் மறுநாள் தண்டனை என்கிறார். தான் கண்ட கனவை வைத்துச் சாக்ரடீஸ் மறுக்கிறார்: கப்பல் எபியூசா நாளில் வராது, அதற்கடுத்த நாளில்தான் வரும். அவர் பேசுவது விடியும் நேரத்தில். அவர் எபியூசா என்பது அப்போது விடியப்போகிற அந்த நாளையே. ஆக, எபியூசா என்பது "நாளை" என்ற சொல்லுக்குச் சமம் அல்ல. 34ஆம் வசனத்தில் நாளை என்பதற்கு ஔரியோன் என்ற வேறு சொல்தான் இருக்கிறது. எபியூசா என்றால் சொல்கிறவர் நிற்கும் நேரத்திலிருந்து அடுத்து வரும் நாள். விடியலில் சொன்னால் இன்று. இரவில் சொன்னால் நாளை.

திதாகே இந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. விடியலிலும் அந்தியிலும் வாயில் வரும் ஒரே ஜெபத்துக்கு இப்படி நேரத்தோடு நகர்கிற சொல் எவ்வளவு பொருத்தம்! அதோடு அந்தக் காலக் கூலிக்காரரை நினைத்துப்பாருங்கள். உபாகமம் 24:15 கூலியைப் பொழுது சாயும் முன்னே கொடுக்கச் சொல்கிறது. மத்தேயு 20இன் திராட்சத் தோட்டத்திலும் கூலி சாயங்காலம்தான் கைக்கு வருகிறது. அந்தக் காசுதான் மறுநாள் அடுப்பை எரிக்கும். "வரும் நாளுக்கானதை இன்று தாரும்" என்பது அவருக்குப் பேராசை அல்ல, கவலையும் அல்ல, வயிற்றுப்பாடு.

இந்தத் தேர்வின் கஷ்டம் தமிழில்தான். "நாளைய அப்பத்தை இன்று தாரும்" என்றால் கேட்கிறவர் முகம் சுளிப்பார்; 34ஆம் வசனத்தோடு முட்டுவதும் காதில் விழும். "வரும் நாளுக்கான" என்பது சரியானது, ஆனால் எழுத்து வாடை அடிக்கிறது. என்னிடம் கேட்டால் "விடிகிற நாளுக்கான ஆகாரத்தை" என்பேன். விடியலில் சொன்னாலும் படுக்கப்போகும்போது சொன்னாலும் பொருந்துகிறது. சபை ஏற்குமா என்பது வேறு விஷயம்.

இன்னொரு இழப்பும் உண்டு. இந்தப் பொருளை எடுத்ததும் சிலர் அதைக் கடைசிக் காலத்து விருந்து, பரலோக ராஜ்யத்தின் அப்பம் என்று இழுத்துக்கொண்டு போவார்கள். இலக்கணம் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை.

## பொருண்மைக்கு மேலான அப்பம்

இது ஜெரோம் செய்தது. 380களில் லத்தீன் சுவிசேஷங்களைத் திருத்தியபோது மத்தேயுவில் சூப்பர்சப்ஸ்தான்சியாலெம் என்று போட்டவர், லூக்காவில் அதே கிரேக்கச் சொல்லைப் பழையபடி அன்றாடம் என்றே விட்டுவிட்டார். அதே நூற்றாண்டில் எருசலேம் சிரிலும் இதைச் சாதாரண அப்பம் அல்ல, ஆத்துமாவின் உள்ளமைக்கானது என்று விளக்கினார். நற்கருணையோடு இணைத்துப் படிக்க இது வழிவிடுகிறது.

இலக்கணம் இதற்கு உதவாது. "மேலான" என்று சொல்ல ஹுபேர் என்ற முன்னொட்டு இருக்கிறது. எபி அந்த வேலையைச் செய்யாது. முன் பகுதியில் சொன்ன இகரச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. லத்தீன் திருச்சபையே ஜெபத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அங்கே தொடர்ந்தது அன்றாடம்தான். தியானத்துக்கு, சபைப் பிதாக்களைப் படிக்கும் வகுப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| பொருள் | சொல்லமைப்பு | வாக்கியத்தில் | பழைய சாட்சி | ஜெபிக்க |
|---|---|---|---|---|
| அன்றாட | நடுத்தரம் | சொன்னதையே சொல்கிறது | பழைய லத்தீன் | மிக எளிது |
| வேண்டிய | பலவீனம் | பொருந்துகிறது | பெஷித்தா | எளிது, தமிழில் பழகியது |
| வரும் நாளுக்கான | பலம் | ஔரியோனோடு குழப்பாவிட்டால் பொருந்துகிறது | மாஹார், கோப்தியம் | தமிழில் கடினம் |
| பொருண்மைக்கு மேலான | மிகப் பலவீனம் | "இன்று" என்பதோடு ஒட்டவில்லை | வுல்காத்தா மத்தேயு | ஏறக்குறைய முடியாது |

## யார் எதை எடுக்கலாம்

சபையாக ஜெபிக்கிறீர்கள் என்றால் உங்கள் சபை வழக்கம் எதுவோ அதை விடாதீர்கள். ஆயிரம் பேர் மனப்பாடமாகச் சொல்வதன் நடுவில் ஒரு சொல்லை மாற்றினால் ஜெபம் நின்றுபோய் எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள். அதற்குத் தகுந்த ஆதாயம் இந்தச் சொல்லில் இல்லை.

வேதபாடம் எடுக்கிறவர் மூன்றாவதை வைத்துத் தொடங்கலாம். 6:11ஐயும் 6:34ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே சொல் அல்ல என்று காட்டினாலே பாதி வேலை முடிந்தது. வகுப்பில் கத்தோலிக்கரும் பிராட்டஸ்டன்டுகளும் கலந்திருந்தால், அவரவர் மனப்பாடத்தைச் சொல்லச் சொல்லி அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

பிரசங்கத்துக்கு இரண்டாவது போதும். உங்கள் சபையார் கையிலிருக்கும் வசனம் "வேண்டிய" என்று சொல்லும்போது அதற்கு விரோதமாக நிற்கத் தேவையில்லை. நீதிமொழிகள் 30இன் படி அளக்கும் வேண்டுதலோடு சேர்த்தால் நேராகப் போய்ச்சேரும். சொல் பிறந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், ஓரிகனுக்கே இது புதுச் சொல்லாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

புதிதாக மொழிபெயர்க்கிற குழுவுக்கு என் யோசனை வேறு. மத்தேயுவிலும் லூக்காவிலும் ஒரே சொல்லைப் போடுங்கள். ஜெரோமைப்போல இரண்டு விதமாக வேண்டாம். வசனத்தில் "வேண்டிய" என்று இருக்கட்டும். அடிக்குறிப்பில் "அல்லது: வரும் நாளுக்கான" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். "அல்லது: நாளைய" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், 34ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே கடிதம் வரும்.